வேலையில, வேலையால

கப்பல்துறைப் பக்கத்தில் உள்ள கார் பூட்டும் தொழிற்சாலையில் கதவுக்கு ரப்பர் பிடிக்கிறவன் நான். கார்கள் பெட்டிகளில் துண்டு துண்டாக வரும். நாங்கள் பூட்டி முழுக் காராக அனுப்புவோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. ஆனால் நான் இன்னும் தற்காலிகம். நிரந்தரமாக்குவார்களா, வேலையை விட்டுக் கலைப்பார்களா என்பதுதான் விடிந்தால் பொழுதுபட்டால் என் யோசனை.

இந்த வருடம் ஆளணிப் பிரிவுக்குப் புதிய அதிகாரி ஒருவர் வந்தார். சிங்களவர், வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தவர். வந்த கையோடு எங்கள் வரிசைக்கு மேலே மின்விசிறி பூட்டுவித்தார். தேநீரோடு மீன் அடைத்த மாலுபாண் வந்தது. யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வெட்டிப் பாட்டு வேறு. மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கோ சந்தேகம். நாங்கள் கேட்காமலே எதற்கு இவ்வளவும்?

ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அவர் தமிழிலேயே பேசினார். பின்னால் காற்றடிக்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"நல்லா வேலை செய்யும் ஆக்களை மாச முடிவில் வேலை..." என்றார். அடுத்த எழுத்தை இரைச்சல் விழுங்கியது. "...நிப்பாட்டுவோம்" என்பது மட்டும் கேட்டது. சிரித்துக்கொண்டு வேறு சொன்னார்.

தேநீர் நேரத்தில், கண்ணாடி பூட்டுகிற என் கிண்ணியா ஊர்க் கூட்டாளியைப் பிடித்தேன்.

"மச்சான், வேலையால நிப்பாட்டுவம், வீட்ட அனுப்புவம் எண்டுதானே சொன்னவர்?"

"உன்ட காதுல என்ன? வேலையில எண்டாரு. வேலையில நிக்கவைப்பாங்க, நிரந்தரமாக்குவாங்க எண்ட கதை அது. படிச்ச தமிழ் அப்பிடித்தான் வரும்."

"நிப்பாட்டுறதெண்டாக் கலைக்கிறதுதான்டா. நிரந்தரமாக்கினாச் சம்பளம் கூட்டவேணும். அதுக்கு முதல் கலைச்சுப்போட்டுப் புதுசா ஆள் பிடிப்பினம்."

"அப்ப ஒண்டு செய். ரப்பரக் கோணலாப் பிடி. மழைக்கு சீட் நனைஞ்சா உன்ன ஒருத்தனுக்கும் அசைக்க ஏலாது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் பிற்பகலுக்குள் தொழிற்சாலை இரண்டுபட்டுவிட்டது. 'இல' என்று கேட்டவர்கள் ஓடியோடி வேலை செய்தார்கள். 'ஆல' என்று கேட்டவர்கள், மேற்பார்வையாளர் வரும்போதெல்லாம் கீழே எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்து நின்றார்கள். நான் ஒரு கதவுக்கு ஒழுங்காகப் பிடிப்பேன். 'கெட்டிக்காரன்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அடுத்ததை இழுத்தடிப்பேன்.

நித்திரை இல்லாமல் போகவே, வியாழக்கிழமை அதிகாரியின் அறைக்குப் போனேன்.

"சேர், அண்டைக்கு நீங்கள் சொன்னது இலயா, ஆலயா?"

"என்ன இலை?"

"எங்களை நிப்பாட்டப் போறீங்களா, சேர்?"

அவர் முகம் மாறிவிட்டது. எல்லாரும் பயந்துபோயிருக்கிறார்கள் என்றேன்.

"ஐயோ, இல்லை இல்லை. நாளைக்கே நான் சரியாகச் சொல்லுறேன்," என்றார்.

மறுநாள் இயந்திரத்தை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "ஒருவரையும் வேலையில் நிப்பாட்டமாட்டோம்!"

இந்தமுறை 'இல்' எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. கூட்டாளி என் பக்கம் திரும்பினான்.

"அவருக்கிட்டப் போய் என்னடா கதைச்ச?"

"ஒண்டுமில்ல மச்சான். கலைக்கவேண்டாம் எண்டுதான்..."

"இப்ப ஒருத்தரையும் நிரந்தரமாக்க மாட்டமெண்டிட்டாரு. நல்லா இரு."

அதிகாரி கைதட்டலை எதிர்பார்த்து நின்றார். ஒருவரும் தட்டவில்லை. தனியே போய்க் கேட்டவன் நான். நானும் சும்மா நின்றால் என்ன நினைப்பாரோ என்று இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். வரிசை முழுவதும் அதைக் கண்டது.

அன்றிலிருந்து நான் கிட்டப் போனால் கதை நின்றுவிடுகிறது. மாத முடிவுக்கு இன்னும் ஒரு கிழமை கிடக்கிறது. அவர் என்னை மட்டும் நிரந்தரமாக்கிவிடுவாரோ என்று இப்போது புதுப் பயம் பிடித்திருக்கிறது.