பதினோராம் நம்பர் கறுப்பு ஷூ

என் மகளின் வலது சுண்டுவிரலில் அந்த வருடம் முழுவதும் ஒரு புண் இருந்தது. சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து காலை நீட்டுவாள். ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் விரலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீர் விட்டு ஊறவைத்து இழுக்க வேண்டும். இழுக்கும்போது அவள் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு வலிக்கிற அளவு எனக்கும் வலிக்கும்.

ஷூ இல்லாமல் அனுப்பவும் முடியாது. ஒருநாள் செருப்போடு அனுப்பினேன். பி.டி. டீச்சர் கெண்டைக்காலில் ஸ்கேலால் அடித்திருந்தார். தடித்துச் சிவந்திருந்தது. போய்க் கேட்டிருக்கலாம். எனக்குப் பள்ளிக்கூட ஆபீஸ் வாசலில் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நாங்கள் சௌல்தாரியில் இருக்கிறோம். நான் பாக்கு உரிக்கப் போகிறேன். கணவருக்குப் பாராடாங்கில் ரோடு வேலை, எப்போதாவது வருவார். இந்தத் தீவுக்குக் கப்பலில் என்ன நம்பர் வந்ததோ அதைத்தான் பிள்ளைகளுக்கு வாங்குவோம். முந்தின வருடம் பெரிய நம்பர்தான் கிடைத்தது. முனையில் துணி அடைத்துக் கொடுத்தேன். மழையில் துணி ஊறித் தோலை உரித்தது. துணியை எடுத்த பிறகு கொஞ்ச காலம் சரியாக இருந்தது. அப்புறம் கால் வளர்ந்து, ஷூ கடிக்க ஆரம்பித்தது.

விடுமுறை முடியும் சமயம் கடல் மோசமாக இருந்தது. மெயின்லேண்ட் சரக்கு வரவில்லை. திங்கட்கிழமை பள்ளி திறக்க வேண்டும், சனிக்கிழமைதான் அபர்டீன் பஜாரில் ஷூ இறங்கியதாகச் சொன்னார்கள். மகளுக்குப் பஸ்ஸில் வாந்தி வரும், டவுனுக்குக் கூட்டிப்போக முடியாது. அதனால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோல, அவள் காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரைக்கும் ஒரு தென்னை ஈர்க்கை ஒடித்து எடுத்துக்கொண்டேன். அதை ஷூவுக்குள் விட்டு, முனையில் ஒரு விரல் இடம் மிச்சம் இருந்தால் வாங்கலாம்.

பெரிய ஷோரூம் விலை எங்களுக்கு ஆகாது. மலிவு விலைக் கடையில் ஷூக்களைத் தார்ப்பாயில் கொட்டியிருந்தார்கள். ஜோடிகள் பிரிந்து கலைந்து கிடந்தன. முழங்கையால் இடித்துக்கொண்டு ஆட்கள் கிளறினார்கள். நான் ஓரமாக நின்று இடம் கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. ஒரு ஆளின் காலுக்கு இடையில் கையை விட்டுத்தான் அந்த வலது ஷூவை எடுத்தேன். கறுப்பு, பதினொன்று. அதன் ஜோடி எதிரில் குனிந்திருந்த ஒரு பெண்ணின் கையில் இருந்தது. பக்கத்தில் அவளுடைய சின்ன மகள்.

“இங்க குடு. ஜோடி எங்கிட்ட இருக்கு,” என்றாள்.

“நான் எடுத்ததுங்க,” என்றேன்.

“அரே, என் பிள்ளைக்குன்னு தேடிக்கிட்டே இருக்கேன். கைய எடுடி.”

அவள் இழுத்தாள். நான் விடவில்லை.

“வாயத் தொறக்க மாட்டேங்குறா, புடியப் பாரு, அட்டை மாதிரி!”

பின்னாலிருந்து யாரோ சிரித்தார். “ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போங்கம்மா, பிள்ளைங்க நொண்டி ஆடட்டும்!”

அவள் கையிலிருந்த ஷூவின் குதிகால் என் வாயில் விழுந்தது. உதடு பல்லில் பட்டுப் பிளந்தது. ரத்தம் உப்புக் கரித்தது. நான் அவள் கொண்டையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். மணிக்கட்டைக் கடித்தேன். அவள் என் வயிற்றில் முழங்காலால் இடித்தாள். இருவரும் தார்ப்பாயில் விழுந்தோம். என் ஈர்க்கு யார் காலிலோ மிதிபட்டு நொறுங்கியது. விழுந்த இடத்தில், என் கண்ணுக்கு நேராக அவள் மகளின் வெறுங்கால். குதிகாலில் துணி சுற்றி, துணியில் சீழ் கசிந்திருந்தது. அதைப் பார்த்தும் நான் பிடியை விடவில்லை.

கடைக்காரர் இருவரையும் தோளைப் பிடித்துப் பிய்த்தெடுத்து, அந்தப் பெண்ணிடம் சொன்னார். “சோடோ தீதி, விடு! உன் பச்சா, பிள்ளை, இங்கதானே இருக்கு? போட்டுப் பாரு. சேர்ந்தா உன்னோடது. சேரலன்னா இந்தம்மாவோடது. கதம், அவ்வளவுதான்.”

அந்தச் சிறுமியை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். ஷூவுக்குள் கால் பாதிதான் போனது. அவள் அம்மா முழங்காலை அமுக்கினாள். “விரல மடக்காதடி! உள்ள விடு!” முதுகில் ஓங்கி அறைந்தாள். சிறுமி அலறினாள். நுழையக் கூடாது, நுழையக் கூடாது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நுழையவில்லை.

அந்தப் பெண் இரண்டு ஷூவையும் என் நெஞ்சில் எறிந்தாள். “எடுத்துட்டுப் போய் உன் தலையில வெச்சுக்க!” மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாள்.

அளந்து பார்க்க என்னிடம் ஈர்க்கும் இல்லை. அப்படியே வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மகள் என் உதட்டைப் பார்த்து மிரண்டாள். “யாரும்மா அடிச்சா?”

“கால நீட்டு.”

இடது கால் ஷூவுக்குள் போய்விட்டது. வலது காலும் நீளத்துக்குச் சரிதான், முனையில் விரல் இடம் இருந்தது. ஆனால் அகலம் போதவில்லை. சுண்டுவிரல் வீங்கி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஈர்க்கு முழுசாக இருந்திருந்தாலும் அதைச் சொல்லியிருக்காது. நான் அமுக்கினேன். அவள் கத்தினாள். “உள்ள விடுடி,” என்றேன். கை தானாக உயர்ந்தது. அடி விழுவதற்கு முன்பே அவள் தலையைத் தாழ்த்தி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஓங்கிய கையைத் தரையில் அறைந்தேன். உள்ளங்கை எரிந்தது. பாக்கு உரிக்கும் கத்தியை எடுத்து, புது ஷூவில் சுண்டுவிரல் வரும் இடத்தில் குத்தினேன். ரெக்சின் சீக்கிரம் அறுபடவில்லை. மறுபடி மறுபடி குத்திக் கிழித்தேன். பிறகு காலை விட்டேன். கிழிசல் வழியாக விரல் புடைத்துக்கொண்டு நின்றது. இடிக்கவில்லை.

“டீச்சர் பார்த்தா?” என்றாள்.

“பாக்கட்டும்.”

“அடிச்சா?”

“அடிச்சா வந்து சொல்லு. நான் வரேன்.”

நான் பள்ளிக்கூடத்துக்குள் வரமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். என் வீங்கிய உதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் எழுந்து, வலது காலைத் தரையில் ஓங்கி ஓங்கி மிதித்துப் பார்த்தாள்.