தைத்து மூடிய விடைகள்

பம்ப் ஆபரேட்டர் இறந்த ஏழாவது மாதம், அவன் மனைவி இரண்டாம் முறையாகக் கணக்கில் கோட்டை விட்டாள். வாரிசு என்ற முறையில் அவன் வேலை அவளுக்கு உண்டு; பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மற்ற பாடங்களெல்லாம் தேறியாயிற்று. கணக்குக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அது தவறினால் வேலையும் போகும். நீரேற்று நிலையத்துக்குப் பின்னாலிருந்த இரண்டு அறை வீடும் போகும்.

படிக்காமல் இல்லை. மாதிரிக் கணக்குகள் அத்தனையும் தலைகீழ்ப் பாடம். ஒரு குழாய் தொட்டியைப் பத்து மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று பதினைந்தில். சேர்ந்து திறந்தால் ஆறு மணி நேரம். தேர்விலும் அதே தொட்டி, அதே எண்கள். ஆறு என்று எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தாள். இரண்டாவது குழாய் தண்ணீரை வெளியேற்றுகிறது என்று கேள்வியில் இருந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

"ஆயுசு பூரா தொட்டி நிரப்பினவர் பொண்டாட்டி நான்," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தையல்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அண்ணியின் கண் கணக்கை மேய்ந்தது, விரல் கடைசிப் பக்கத்து விடைக்குப் போனது, தலை ஆடியது.

"அண்ணி, நீங்க கணக்கைப் படிக்கிறீங்க. போட மாட்டேங்கிறீங்க."

"புரியுதே."

"எனக்கும் பாக்கறப்ப எல்லாம் புரிஞ்சுது. நான் வெட்டின முதல் சட்டைக்கு ரெண்டும் இடது கை."

சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்து, விடைப் பக்கங்களை ஓரத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டாள்.

அதன்பின் நரகம்தான். மாதிரிக் கணக்கின் வழிமுறையை அட்டையால் மூடிவிட்டுக் கேள்வியை மட்டும் வைத்துப் போட்டாள். சிக்கினால் அட்டையை ஒரு வரி இறக்குவாள், மறுபடி மூடுவாள். ஒரு பக்கத்துக்கு நாலு நாள் பிடித்தது. சரியா தவறா என்று சொல்ல ஆளில்லை. சொல்லியிருக்கக்கூடியவன் சுவரில் படமாக இருந்தான். ஒருநாள் புத்தகத்தை அந்தச் சுவரிலேயே வீசினாள். பிறகு அவளே போய் எடுத்து வந்தாள். வந்த விடையைக் கேள்விக்குள்ளேயே போட்டுப் பார்த்தால் அது பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும் என்பதை அந்த வாரம்தான் கண்டுபிடித்தாள்.

தேர்வில் பழகிய கணக்கு ஒன்றுகூட இல்லை. கொடுத்தது என்ன, கேட்டது என்ன என்று எழுதிக்கொண்டு ஆரம்பித்தாள். இரண்டு விடைகள் பொருந்தவில்லை; ஒன்றை அடித்துத் திருத்துவதற்குள் மணி அடித்துவிட்டது.

முப்பத்தைந்து வேண்டும். முப்பத்தாறு வந்தது.

வேலையில் சேர்ந்த முதல் நாள், வெளியேற்றும் குழாய் மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் மோட்டாரைப் போட்டாள்.