கட்டு அவிழ்க்காமல் பிடித்த படம்

கனகசபாபதி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிடிக்கத் தொடங்கிப் பதினேழு வருடம். உடுப்பிட்டியில் முதல் பஸ் ஏறி வந்து இருட்டறைக்குள் புகுந்தால், மத்தியானம் வரை வெயிலைக் காணமாட்டார். ஊராரின் எலும்பெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. முகங்கள்தான் ஒன்றும் மனதில் நிற்பதில்லை.

புத்தூர் நாகேஸ்வரியின் முகம் மட்டும் நின்றுவிட்டது.

எழுபத்துமூன்றாம் ஆண்டு வைகாசியில் அவள் வந்தாள். வெங்காயம் கிண்டும்போது வரம்பில் சறுக்கி விழுந்தவள். தொடைநோ மாறவேயில்லை. முழங்காலுக்கு மேல் முறிவு வைத்தியப் பரியாரியார் போட்ட கட்டு. உள்ளே மண்ணும் மருந்தும் குழைத்துப் பூசிய பத்து காய்ந்து ஓடாகிக் கிடந்தது.

“உந்தக் கட்டை அவிழ்க்கவேணும் அம்மா. பத்தும் படத்திலை விழும்.”

“ஐயோ, நாப்பத்தொரு நாள் தொடக்கூடாதெண்டு பரியாரியார் சொன்னவர் ஐயா! இண்டைக்கு இருபத்தொம்பதுதான். மகளின்ரை கரைச்சல் பொறுக்கேலாமல் வந்தனான்.”

இந்தக் கட்டுகளோடு மல்லுக்கட்டியே பாதிச் சீவியம் போய்விட்டது. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். சனம் எக்கேடு கெட்டாலென்ன என்று அன்றைக்கு அவருக்கு அலுத்துப்போயிற்று.

“சரி, அசையாமல் கிடவுங்கோ.”

படத்தில் பத்து வெள்ளை வெள்ளையாக விழுந்திருந்தது. நடுவே சில கறுப்புப் பொட்டுகள். “பத்து வெடிச்ச இடமாக்கும். முறிவில்லை,” என்று டொக்டர் அனுப்பிவிட்டார். அந்தப் பொட்டுகள் எலும்பிலேயே விழுந்த ஓட்டைகளோ என்று கனகசபாபதிக்குச் சந்தேகம். சொன்னால் கட்டை அவிழ்த்து இன்னொரு படம் பிடிக்கவேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தார்.

புரட்டாதியில் அவளைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பரியாரியார் புதுக்கட்டுப் போட்டிருந்தார். இம்முறை கனகசபாபதி ஒன்றும் கேட்கவில்லை, கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தார். அவள் குழறி அழுதாள்.

புதுப் படத்தில் தொடை எலும்பு செல்லரித்த ஓலை மாதிரி இருந்தது. இடுப்பெலும்பிலும் அதே ஓட்டைகள். டொக்டர் அவளுடைய கவட்டில் வீங்கிக் கட்டியிருந்த நெறிகளைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்து கனகசபாபதியிடம் சொன்னார்.

“லிம்போமா போலைக் கிடக்கு. நெறியிலை வாற புற்று, எலும்புக்கும் பரவிப்போட்டுது. மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவம். வைகாசியிலை பிடிபட்டிருந்தால் கதிர்க் கரண்ட் பிடிச்சுக் காலையெண்டாலும் காப்பாத்தியிருக்கலாம். இனி ஆளே தப்புறது கடவுள் விட்ட வழி.”

 கனகசபாபதி அவளிடம் போய், நின்றபடியே சொன்னார்.

“அம்மா, நான் அண்டைக்கே கட்டை அவிழ்த்திருக்கவேணும். என்ரை பிழை.”

நாகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்களிலை என்ன பிழை ஐயா? நான் விட்டிருக்கமாட்டன்.”

விட்டிருப்பாள். இன்னும் ஐந்து நிமிடம் பொறுமையாகக் கதைத்திருந்தால் அழுதழுதாவது விட்டிருப்பாள். பதினேழு வருடத்தில் எத்தனை பேரை அப்படி விடவைத்தவர் அவர்.