முடியாத முத்தம்

பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரில் என் தம்பி லூபென் வாழ்நாளெல்லாம் சினிமாவுக்கு இசைக்குழு நடத்தினான். அன்று நகராட்சியின் வருடாந்திர விழாவில், திரையில் ஓடும் பேசாத படத்துக்கு நேரடியாக வாசிக்கும் கச்சேரி. இசை பிசகினால் அடுத்த வருஷம் வேறு ஆள் என்று மேயர் சொல்லியிருந்தார்.

முத்தக் காட்சியில் படம் அப்படியே நின்றுவிட்டது. லூபென் காதல் மெட்டையே திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தான். வயலின்காரிக்குக் கை கடுத்தது.

படம் ஓட்டும் ஸ்பாஸிடம் மாடிக்கு ஓடினேன். "ஓட்டுடா!"

"மெட்டு முடியட்டும்னுதான் நிறுத்தி வச்சிருக்கேன் அக்கா. நடுவுல ஓட்டினா லூபென் அண்ணனுக்கு அவமரியாதை."

கீழே வந்து தம்பியை உலுக்கினேன். "நிறுத்துடா!"

"முத்தம் முடியாம எப்படிக்கா நிறுத்துறது? வேலை போயிடும்!"

போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்; முத்தமும் மெட்டும் ஒரே நொடியில் நின்றன. யார் என்ன சொன்னாலும் நான் செய்ததுதான் சரி.

இருட்டில் மேயர்தான் முதலில் கைதட்டினார். "அம்மாடி, எவ்வளவு நீள முத்தம்! அடுத்த வருஷமும் லூபெனே நடத்தட்டும்!"