நடந்த கால்

அறையில் இருந்தவர்கள்: புற்றுநோய் டாக்டர். இருதயம் பார்க்கும் டாக்டரம்மா. கட்டிலில் சட்டையில்லாமல் என் வீட்டுக்காரர். ஜெபமாலையோடு என் நாத்தனார். கதவோரம் நான்.

அவருக்கு நுரையீரலில் புற்று. தஞ்சாவூரில் இடது நெஞ்சில் கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். கட்டி சுருங்கியது. திரும்ப வராமலிருக்க மாதாமாதம் மருந்து ஏற்றினார்கள்.

கட்டி சுருங்கினால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறோம் என்று நேர்ந்திருந்தோம். கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நடந்தோம். வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்து உட்கார்ந்து வந்து சேர்ந்தார். வீடு திரும்பியபோது இரண்டு காலும் வீங்கியிருந்தது.

கூட நடந்தவர்கள் எல்லாருக்கும் வீக்கம். அதனால் யாரும் பயப்படவில்லை. எனக்கு வடிந்தது. அவருக்கு முழங்கால் வரை ஏறியது.

"அவ்வளவு தூரம் நடந்தா வீங்காம என்ன செய்யும் அண்ணி" என்றாள் நாத்தனார். வெந்நீரில் காலை வைக்கச் சொன்னாள். தெம்புக்கு உப்புக் கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும் நான் கொடுத்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கினார். அதையும் நடந்த களைப்பு என்றுதான் நினைத்தோம்.

அடுத்த மருந்துக்குப் போனோம். டாக்டர் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது, எழவில்லை. மருந்து ஏற்றாமல் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

"நடந்ததனால இல்லைங்கம்மா. இருதயம் தளர்ந்து போயிருக்கு" என்றார் அந்த அம்மா.

நுரையீரலில் வந்த நோய்க்கு இருதயம் என்ன செய்தது என்று நாத்தனார் கேட்டாள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். முன்பு புற்றை ஒருவர், இருதயத்தை ஒருவர் என்று தனித்தனியாகப் பார்த்தார்களாம். இப்போது ஆராய்ச்சி செய்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்களாம். பீடிப் புகை இரண்டையும் கெடுக்கும். நெஞ்சில் வைக்கும் கரண்ட் இருதயத்திலும் படும். புற்றை அடக்கும் மருந்தே சிலருக்கு இருதயத்தைப் புண்ணாக்கும். இருதயம் தளர்ந்தவர்களுக்குப் புற்று கூடுதலாக வருகிறதா என்றும் பார்க்கிறார்களாம். மருந்தால் யாருக்கு இருதயம் கெடும் என்று முன்னாலேயே கண்டுபிடிக்க வழி தேடுகிறார்களாம்.

அவரைப் பிழைக்க வைத்த மருந்தா இப்படிச் செய்தது?

"நான் பீடியை விட்டுட்டேன். அது என்னை விடலை போல" என்றார் இவர்.

"மருந்தை நிறுத்தினா கட்டி திரும்ப வருங்களா?" என்று கேட்டேன்.

"வரலாம்மா. நிறுத்தாட்டி இருதயம் தாங்காம போயிடலாம்" என்றார் டாக்டர்.

ஸ்கேன் பார்த்துத்தான் முடிவு என்றார்கள். இருதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்று அதில் தெரியுமாம். ஐம்பதுக்கு மேல் இருந்தால் மருந்தைத் தொடரலாமா என்று பேசலாம். நாற்பதுக்குக் கீழே என்றால் நிறுத்த வேண்டியதுதான்.

"நம்ம போர் மோட்டார் எவ்வளவு தண்ணி தள்ளுதுங்கிற கணக்குதான்" என்று இவர் என்னைப் பார்த்தார்.

டாக்டரம்மா நெஞ்சில் பசை தடவிக் கருவியை வைத்தார். திரையில் ஏதோ திறந்து திறந்து மூடியது. இன்னொரு தடவை அளந்தார். டாக்டரைப் பார்த்தார்.

எவ்வளவு என்று நான்தான் கேட்டேன்.

இருபத்தெட்டு.