சோற்றுக்கு முன்னால் பேச்சு

எங்களிடம் யோசனை கேட்க ஐரோப்பாவிலிருந்து மறுபடியும் ஆட்கள் வருகிறார்கள் என்று முதலாளி சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷமும் வந்தார்களே! அந்த ஊர்த் தொழிற்சங்கத்தார், வியாபாரிகள், குடும்பப் பெண்கள் எல்லோரும் சேர்ந்த ஒரு குழு அது. எந்தச் சாமானை என்ன தீர்வையில் உள்ளே விடலாம் என்று தங்கள் அரசாங்கத்துக்கு யோசனை எழுதிக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை.

இலங்கையில் எங்கள் மாத்தளை டவுனில் முதலாளியின் சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால் போத்தல் அறை இருந்தது. மிளகையும் ஏலத்தையும் அரைத்து, போத்தலில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்புவோம். முழு மிளகாகச் சாக்கில் போனால் அங்கே தீர்வை கிடையாது. அரைத்து அடைத்துப் போனால் கழுத்தை நெரிக்கிற தீர்வை. அது நீங்காவிட்டால் அறையை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் தவறிப்போனபின் அந்த அறைச் சம்பளத்தில்தான் என் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போனார்கள்.

போன வருஷம் முதலாளி வீட்டில் சஹன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டு நிறைய நெய்ச்சோறும் கோழியும். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிட வேண்டும். ஒரே சஹனில் கைவைத்தவர்களோடு அன்றைக்கு முகத்தை முறித்துப் பேசக்கூடாது. எங்கள் ஊரில் முஸ்லிமானாலும் இந்துவானாலும் அதை மீற மாட்டோம். சாப்பிட்டு ஏப்பம் விட்டபின் கூட்டம் நடந்தது. கேட்டதற்கெல்லாம் தலையாட்டினோம். மாத்தளைப் பெண்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று அங்கே போய் எழுதிவிட்டார்களாம்.

இந்தத் தடவையும் சஹன்தான். முதலாளி முன்கூட்டியே எச்சரித்தார்: "பொம்பளைங்க யாரும் வாயைத் தொறக்க வேணாம். அவங்கள பகைக்காம சாக்கு மொளகாவது ஓடட்டும்."

பெண்கள் சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். குழுவில் வந்த வெள்ளைக்காரப் பெண்ணும் எங்களோடு சம்மணமிட்டாள். கை கழுவத் தண்ணீர் வந்தது. நான் கையை நீட்டவில்லை. ஒருத்தி கைவைக்காமல் மற்றவர்கள் எப்படித் தொடங்குவது? சோறு ஆறிக்கொண்டிருந்தது. போத்தல் அறையில் என்னோடு வேலை செய்த முஸ்லிம் பெண், அக்கா முறை வைத்து நான் ராத்தா என்று கூப்பிடுகிறவள், தொடையில் கிள்ளினாள்.

"அடியே, கைய வையேன். மானம் போகுது!"

"வைக்க மாட்டேன் ராத்தா. வச்சா பேச முடியாது."

என்ன விஷயம் என்று வெள்ளைக்காரி கேட்டாள். மொழிபெயர்க்க வந்த இங்கிலீஷ் மாஸ்டர் முதலாளியின் முகத்தைப் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை மாஸ்டர்? நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. அரைச்சு அனுப்புனா தீர்வை, முழுசா அனுப்புனா இல்ல. அது என்ன நியாயம்?"

அவள் ஒளிக்கவில்லை. தன் ஊரில் போத்தல் அடைக்கிற ஆலையில் தானும் வேலை செய்கிறவள், தீர்வை போனால் தன்னைப் போன்றவர்களின் வேலையும் போகும் என்றாள். அட, அப்படியா சங்கதி! உண்மையைச் சொன்னவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

"ஒங்க வேலை போனா கவர்மெண்ட் ஏதாச்சும் குடுக்குமா?"

"கொஞ்ச காலத்துக்குக் கொடுக்கும்."

"எங்களுக்கு ஒரு சல்லியும் குடுக்காது. அரைக்கிற கூலி ஒங்களுக்கு, புடைக்கிற தூசி எங்களுக்கா? மாத்தளைப் பொம்பளைங்க இந்தத் தடவை தலையாட்டலன்னு எழுதுங்க."

ராத்தா கழுவிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நானும் அதத்தான் சொல்றேன்" என்றாள். வெள்ளைக்காரியும் சஹனைத் தொடவில்லை.

"விருந்தக் கெடுத்துட்டியே புள்ள!" என்று முதலாளி கத்தினார். கெடுத்தேன்தான். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

தீர்வையை நீக்கும்படி குழு எழுதியதாம். அவர்கள் அரசாங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போத்தல் அறை மூடப்பட்டது. நானும் ராத்தாவும் என் வீட்டிலேயே மிளகாய்த்தூள் அரைத்து, இரத்தோட்டை பஸ்ஸில் வந்திறங்கும் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு விற்றோம். என் பெண்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை.

அடுத்த குழு வந்தபோது முதலாளியே என் வாசலுக்கு வந்தார். "நீ பேசுனதத்தான் அவங்க எழுதுனாங்க. இந்தத் தடவையும் நீதான் பேசணும் புள்ள" என்றார். போனேன். நான் பேசி முடிக்கும்வரை சஹன்கள் மூடியே இருந்தன.