சுவிட்ச் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு

நெட்வொர்க் வேலையில் ஒரு சங்கடம்: ஒழுங்காக ஓடினால் ஒருத்தருக்கும் நம் முகம் ஞாபகம் இருக்காது, நின்றுபோனால் கடையில் உள்ள அத்தனை பேருக்கும் நம் போன் நம்பர் தெரியும். வயர் இழுத்துப் பிழைக்கிற உங்களுக்குத் தெரியாததா? நான் எட்டாவதோடு நின்றவன். வயர் இழுப்பதும், அதன் முனையில் பிளக் மாட்டி அடிப்பதும் என் பாடு. லேப்டாப்பைத் திறந்து பெட்டிக்குப் புத்தி சொல்வது என் கூட்டாளி எஸ்தர் பாடு. பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு நாங்கள் செய்த வேலையைச் சொல்கிறேன்.

பிடுங்கிப் பார்த்தது

பில் கணக்கு இருக்கிற சர்வருக்கும், கடை வயரெல்லாம் வந்து சேருகிற சுவிட்ச் பெட்டிக்கும் நடுவில் இரண்டு நீல வயர் போட்டோம். இரண்டையும் லேப்டாப் வழியாக ஒரே பாதையாகச் சேர்த்தாள் எஸ்தர். நெரிசல் வந்தால் இரண்டிலும் பிரிந்து போகும். ஒன்று அறுந்தால் மற்றது சுமக்கும். கடை முதலாளி லேசில் நம்புகிற ஆள் இல்லை. "தீபாவளிக் கூட்டத்துல கவுண்டர் நின்னுச்சுன்னா, சேரன்மகாதேவில தொறக்கப்போற கடை வேலை உமக்கு இல்லைவே. மதுரைக்காரன் கேட்டுக்கிட்டு இருக்கான்" என்று முதலிலேயே சொல்லியிருந்தார். அந்தப் புதுக் கடையை நம்பித்தான் நாங்கள் இரண்டு பேரும் வேறு வேலை பிடிக்காமல் இருந்தோம்.

அவர் கண் முன்னாலேயே ஒரு வயரைப் பிடுங்கினேன். பில் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. நான் பெருமையாக நிமிர்ந்தேன். அவர் என் கையில் தொங்கிய வயரையே பார்த்தார். "இது இல்லாமயும் ஓடுதுல்லா, பொறவு இது எதுக்குவே?"

ஒரு கூரை, மூணு வீடு

சுவிட்ச் பெட்டி ஒன்றுதான். அதை மூன்று வீடாகப் பிரித்தோம். வயர் சொருகுகிற ஓட்டைகளில் மேல் வரிசை பில் கவுண்டருக்கு, கீழ் வரிசை கேமராவுக்கு, ஓரத்தில் இருப்பவை வாடிக்கையாளர் வைஃபைக்கு. இந்தப் பிரிவினைக்குத்தான் எங்கள் தொழிலில் வி-லேன் (VLAN) என்று பேர். வைஃபையில் படம் பார்க்கிறவர் பில் கணக்கை எட்டிப் பார்க்க முடியாது.

மேனேஜர் காசிம் பாய் மேலப்பாளையத்துக்காரர். கவுண்டர் கம்ப்யூட்டரிலேயே கேமரா தெரியவேண்டும் என்றார்.

"தெரியாது பாய். வயரு எந்த ஓட்டையில இருக்கோ, அந்த வீட்டு ஆளு. அடுத்த வீட்டோட பேசாது" என்றாள் எஸ்தர்.

பாய் சிரித்துவிட்டார். "ஒரே கூரைக்குக் கீழ பேசிக்கிடாம இருக்கதுக்கு எங்க வீட்லயே ஆளு இருக்கு. இதுக்கு மெஷின் வேறயா?"

பூஜைக்கு மறுநாள்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் கடை திறந்ததும் பாய் போன் அடித்தார். ஒரு கவுண்டரும் ஓடவில்லை. சேலைக் கட்டோடு கூட்டம் நிற்கிறது. போய்ப் பார்த்தால் பெட்டி பளபளவென்று இருக்கிறது. பூஜைக்காக எல்லா வயரையும் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, அழகாக வரிசையாகத் திருப்பிச் சொருகியிருந்தார்கள். கவுண்டர் வயரெல்லாம் கேமரா வீட்டில் குடியிருந்தது. நான் ஒட்டிய பேர்ச்சீட்டு துடைத்ததோடு போச்சு.

பாய் மாடிக்குப் போய் ஒவ்வொரு கவுண்டர் கம்ப்யூட்டராக அணைத்துவிட்டு அங்கிருந்து கத்துவார்: "அணைச்சிட்டேன்வே!" எந்த ஓட்டையில் விளக்கு அணைகிறதோ அந்த வயரைப் பிடுங்கி மேல் வரிசைக்கு மாற்றுவேன். முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்று, காத்திருக்கும் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஓடத் தொடங்கியபின் எஸ்தர், "அண்ணாச்சி, சர்வரு ஒத்த வயருலதான் ஓடுது. இன்னொண்ணு எங்க?" என்றாள். வாசலைப் பார்த்தேன். மாவிலைத் தோரணம் எங்கள் நீல வயரில் தொங்கியது. கட்டினவர் பில் போடுகிற செல்வி அக்கா. கொஞ்சமும் கூசவில்லை. "சும்மா கெடந்த வயருன்னு மொதலாளிதான் சொன்னாவ. நல்லா கெட்டியா இருந்துச்சு."

பொட்டு

முதலாளி என்னிடம் வந்தார். "சேரன்மகாதேவியை அடுத்த வருசம் பூஜை கழிஞ்சு பேசுவம்."

கிளம்பும்போது எஸ்தர் திரும்பிப் போய்ப் பூஜைத் தட்டை எடுத்தாள். கவுண்டர் ஓட்டைகளுக்கும் அவற்றின் வயர் முனைக்கும் சந்தனம், கேமராவுக்குக் குங்குமம், வைஃபைக்கு மஞ்சள். தோரணத்திலிருந்து அவிழ்த்துத் திரும்ப மாட்டியதையும் சேர்த்து, சர்வரின் இரண்டு வயருக்கும் திருநீறு குழைத்துப் பட்டையாகவே போட்டாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற பிள்ளை திருநீறு குழைக்கியே" என்றேன். "பேர்ச்சீட்டைத் துடைப்பாவ அண்ணாச்சி. பொட்டைத் துடைச்சா, அதே இடத்துல திரும்ப வைப்பாவ" என்றாள்.

அடுத்த வருஷம் பூஜைக்கு மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் நின்றோம். பெட்டி பளபள. பொட்டெல்லாம் புதுசு, ஒன்றுகூட இடம் மாறவில்லை. கவுண்டர் அத்தனையும் ஓடியது. சர்வருக்கு இரண்டு வயரும் இருந்தன. முதலாளி வாசல் தோரணத்தை நிமிர்ந்து பார்த்தார், வாழைநாரில்தான் தொங்கியது.

"சேரன்மகாதேவிலயும் ரெண்டு வயரே போடும்வே" என்றார். "செல்விக்குத் தோரணம் கட்ட மூணாவதா ஒண்ணு தனியா குடுத்துரும்."

இப்போதெல்லாம் எங்கள் பையில் முனை அடிக்கிற கருவியோடு ஒரு சந்தன வில்லையும் கிடக்கிறது, இரண்டில் எதை மறந்தால் வேலை கெடும் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியாது.